ஆறில் ஒரு பங்குத் தண்ணீர்

“கணக்கு சரிங்கம்மா. ஒரு நாள்கூடப் பிசகு இல்லீங்க. அப்புறம் எதுக்கு என் தங்கச்சி என் மூஞ்சியவே பார்க்க மாட்டேங்கறா?”

நாச்சிமுத்து இப்படித்தான் ஆரம்பித்தார். உட்காரவில்லை. செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை, ஒன்று வாசலிலும் ஒன்று முற்றத்திலும் கிடந்தது.

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

“என்ன கணக்கு?” என்றார்.

நான் சடையப்பன். இந்த மலையடி மடத்தில் ஒன்பது வருஷமாகச் சமையல். மடத்தை நடத்துகிற அம்மாவுக்குச் சீடன் என்றும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அம்மா சொன்னதில் எனக்குப் புரிந்தது காலே அரைக்கால் பங்குகூட இருக்காது.

அம்மாவுக்கு முப்பத்தெட்டு வயது. எனக்கு ஐம்பது. நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு. “இந்த வயசுப் பொம்பளைகிட்ட என்னடா ஞானம் கேக்கறீங்க?” என்று ஊரில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்கள் யாரும் அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்ததில்லை.

நாச்சிமுத்து அமாவாசைக்கு அமாவாசை வருகிற ஆள். வருவார், கும்பிடுவார், “நானும் உங்க சீடன்தானுங்க” என்பார், போவார். கேள்வியோடு வந்தது இதுதான் முதல் தடவை.

*

“எங்க கிணறு பங்குக் கிணறுங்கம்மா. நாங்க நாலு பேரு. அப்பா போகும்போது அவங்கவங்க வெள்ளாமைக் காட்டு அளவுக்குத் தக்கன பத்திரத்துல எழுதி வெச்சுட்டாரு. தண்ணியில எனக்கு மூணுல ஒரு பங்கு. தம்பி ராக்கியப்பனுக்கு நாலுல ஒண்ணு. சின்னவன் சென்னியப்பனுக்கும் நாலுல ஒண்ணு. தங்கச்சி பாவாத்தாளுக்கு ஆறுல ஒண்ணு.”

எனக்கு அங்கேயே தலை சுற்றிவிட்டது.

“நில்லுங்க. மூணு பெரிசா, ஆறு பெரிசா? ஆறுதானே பெரிசு? அப்ப தங்கச்சிக்குத்தானே நிறைய?”

“அடப் போ சடையப்பா. ஒரு கருப்பட்டிய மூணா உடைச்சா துண்டு பெரிசா இருக்குமா, ஆறா உடைச்சா பெரிசா இருக்குமா?”

“மூணா உடைச்சா.”

“அதேதான்.”

சரி என்று தலையாட்டினேன். உள்ளுக்குள் ஆறு பெரிசாகவேதான் இருந்தது.

“நாலு பேர்ல படிச்சவன் நான்தானுங்க, எட்டாவது வரைக்கும். யாருக்கு எந்த நாள் தண்ணின்னு முறைச்சீட்டு எழுதுன்னு என் தலையில கட்டிட்டாங்க. ஆளுக்கொரு பங்குன்னா சுளுவா போயிரும். இது மூணு, நாலு, ஆறுன்னு ஒண்ணுக்கொண்ணு ஒட்டாம நிக்குது. மூணுலயும் வகுபடணும், நாலுலயும் வகுபடணும், ஆறுலயும் வகுபடணும். அப்படி ஒரு எண்ணு வேணும். பெருக்கிப் போட்டேன். முந்நாலு பன்னண்டு. பன்னண்டாறு எழுபத்திரண்டு.”

“ம்.”

“எழுபத்திரண்டு நாளைக்கு ஒரு சுத்துங்க. மூணுல ஒண்ணுன்னா இருபத்து நாலு நாள், அது எனக்கு. தம்பிங்களுக்குப் பதினெட்டு, பதினெட்டு. பாவாத்தாளுக்குப் பன்னண்டு. கூட்டிப் பாருங்க.”

அம்மா என்னைப் பார்த்தார். நான் அடுப்புக்கரியை எடுத்துச் சுவரில் கோடு கோடாகப் போட்டேன். ஒரு தடவை எழுபத்தொன்று வந்தது. இன்னொரு தடவை போட்டேன். எழுபத்திரண்டு.

“சரியாத்தான் இருக்குங்கம்மா,” என்றேன்.

“சரியா இருந்தா சரி,” என்று அம்மா கீரைக்குத் திரும்பிவிட்டார்.

எனக்கே கோபம் வந்தது. மனுசன் நாலு மைல் வெயிலில் நடந்து வந்திருக்கிறார்!

*

நாச்சிமுத்து அப்போதுதான் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

“என் இருபத்து நாலு நாள் நேத்தோட முடிஞ்சுதுங்க. இன்னைக்கு அமாவாசை. எங்க ஊர்ல அமாவாசைக்கு ஏரும் பூட்டமாட்டோம், மோட்டாரும் போடமாட்டோம், அது கணக்குல சேராது. நாளைக்கு ராக்கியப்பன் முறை ஆரம்பம்.”

“பாவாத்தாளுக்கு எப்போ?” என்றார் அம்மா.

“அவ கடைசிங்க. இன்னும் முப்பத்தாறு நாள் இருக்கு.”

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். முடியவில்லை.

“இருபத்து நாலும் முப்பத்தாறும் அறுபது. சித்திரை வெயில்ல அறுபது நாள் தண்ணியில்லாமயா?”

“முறைன்னா முறைதானே சடையப்பா! எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். அவளும் போட்டா. நடுவுல நான் அவளுக்கு ஒரு நாள் உட்டா, தம்பிங்க சும்மா இருப்பானுங்களா?”

மேலும் சொன்னார்.

“சின்ன வெங்காயம் போட்டிருக்காங்கம்மா. தாள் நுனியெல்லாம் மஞ்சளாப் போச்சு. குடிதண்ணிக் குழாயிலிருந்து குடம் குடமாத் தூக்கி ஊத்தறா. குடத்துல ஊத்தி வெங்காயம் வெளையுமா? நேத்து வேலியோரம் நின்னு சொன்னா: ‘இந்த வெள்ளாமை போச்சுன்னா காட்டைப் போட்டுட்டு பனியன் கம்பெனிக்குப் போயிடறேன்.’ என்கிட்டச் சொல்லலீங்க. என் சம்சாரத்துகிட்ட, எனக்குக் கேக்கற மாதிரிச் சொன்னா.”

துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்வை என்று நினைத்தேன். வியர்வை இல்லை.

“புருஷன் போன பொறவு அந்தக் காடுதான் அவளுக்கு எல்லாம். நான் அவளை ஏமாத்தலீங்கம்மா. ஒரு நாள் ஏமாத்தலை. நான் என்ன தப்புப் பண்ணினேன், அதைச் சொல்லுங்க.”

அம்மா கீரைத் தட்டை ஓரமாக வைத்தார்.

“சாப்பிட்டீங்களா?”

“இல்லீங்க. காலையிலிருந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை.”

“சடையப்பண்ணா, கூழ் ஊத்துங்க.”

இதற்குத்தானா இவ்வளவு நேரம் யோசித்தார் என்று எனக்கு ஆத்திரம். போய்க் கூழ்ப்பானையைத் தூக்கி வந்தேன்.

*

மடத்துக் கதவு பழுது. அதைச் சரிபண்ண வேலாசாரி வந்திருந்தார். அவரையும் கூப்பிட்டார் அம்மா. நாலு பேர் வரிசையாக உட்கார்ந்தோம். ஆசாரி, அம்மா, நான், கடைசியில் நாச்சிமுத்து.

எங்கள் மடத்தில் வழக்கம் என்னவென்றால், எல்லாருக்கும் ஒவ்வொரு கரண்டியாகச் சுற்றி ஊற்றவேண்டும். எல்லாருக்கும் விழுந்த பிறகுதான் யாரும் வாயில் வைக்கலாம். ஒன்பது வருஷமாக அப்படித்தான்.

நான் கரண்டியை எடுத்தேன்.

“இன்னைக்கு நாச்சிமுத்தண்ணா சீட்டுப்படி,” என்றார் அம்மா.

“என்னதுங்க?”

“எழுபத்திரண்டு கரண்டி. ஆசாரியாருக்கு மூணுல ஒண்ணு. எனக்கும் உங்களுக்கும் நாலுல ஒண்ணு. நாச்சிமுத்தண்ணாவுக்கு ஆறுல ஒண்ணு. ஒருத்தர் முடிச்ச பொறவு அடுத்தவர்.”

நாச்சிமுத்து நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

ஊற்றினேன். நல்லவேளை, மோர்க்கரண்டி, சின்னது. ஆசாரி நல்ல சாப்பாட்டுக்காரர். அவருக்கு எதுவும் விளங்கவில்லை, ஆனால் கூழ் வருகிறது, எதற்குக் கேள்வி? ஒன்று, இரண்டு, பத்து, பதினைந்து. இடையில் மோர்மிளகாய் வேண்டும் என்றார். கொடுத்தேன். இருபதில் மூச்சு வாங்கினார். இருபத்து நாலில் “போதும்டா சாமி” என்று சுவரில் சாய்ந்துவிட்டார்.

அடுத்து அம்மா. அம்மா குடிக்கிற அழகை நான் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு கரண்டியும் ஒரு யுகம். பதினெட்டு.

அடுத்து நான். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. பக்கத்தில் ஒரு மனுசன் பசியோடு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இறங்கும்? “அவருக்கு முதல்ல ஊத்திடறேனுங்கம்மா” என்றேன்.

“முறைன்னா முறை,” என்றார் அம்மா.

பதினெட்டையும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன்.

அறுபது கரண்டி ஆகிவிட்டது. வெயில் முற்றத்தைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. நாச்சிமுத்துவின் உதடு வெளுத்துப்போயிருந்தது. மண் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தினார்.

“பன்னண்டு,” என்றார் அம்மா. “நிறுத்தாம ஊத்துங்க.”

அந்தக் கிண்ணம் ஐந்து கரண்டி பிடிக்கும். நான் ஐந்து ஊற்றிவிட்டு அம்மாவைப் பார்த்தேன்.

“ஊத்துங்க.”

ஆறாவது வழிந்தது. ஏழாவது அவர் மணிக்கட்டில் ஓடியது. பன்னிரண்டாவது கரண்டி ஊற்றும்போது அவர் வேட்டி, தரை, என் கால் எல்லாம் கூழ். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து வந்து நக்க ஆரம்பித்தது.

“என்னங்கம்மா இது விளையாட்டு?” நாச்சிமுத்து கத்தியேவிட்டார். “பசின்னு வந்தவனை உக்கார வெச்சு—”

“உங்க பங்கு குறைஞ்சுதா?”

“குறையலை.”

“ஆறுல ஒண்ணு வந்துதா?”

“வந்துது.”

“அப்புறம்?”

நாச்சிமுத்து கிண்ணத்தில் இருந்ததைக் குடித்தார். ஒரே மடக்கில் குடித்தார். புரை ஏறியது. கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். செருப்பு அங்கேயேதான் கிடந்தது.

*

தரையைக் கழுவிவிட்டு நானும் மரத்தடிக்குப் போனேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை என்பதை யாரிடமாவது சொல்லவேண்டும்.

“எனக்கு ஒண்ணும் புரியலைங்கண்ணா.”

“எனக்கும்தான்,” என்றார். “ஆனா பன்னண்டும் ஒரே தடவையா வந்து என்ன பிரயோசனம்? பாதி தரைக்குத்தான் போச்சு.”

சொல்லிவிட்டு அப்படியே நிறுத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“காஞ்சு கெடக்கற வெங்காயத்துக்குப் பன்னண்டு நாள் சேர்ந்தாப்ல தண்ணி உட்டா அழுகிப் போயிரும்ல?”

நான் சமையல்காரன். வெங்காயம் உரிக்கத்தான் தெரியும்.

அவர் கீழே கிடந்த புளியங்கொட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தார். நானும் பொறுக்கினேன். எழுபத்திரண்டு சேர்ந்தது. நாலு குவியல் வைத்தார்: இருபத்து நாலு, பதினெட்டு, பதினெட்டு, பன்னண்டு.

“ஒவ்வொண்ணுலயும் பாதி எடுத்துட்டா?” என்றேன். சும்மாதான் சொன்னேன்.

எடுத்தார். பன்னண்டு, ஒன்பது, ஒன்பது, ஆறு. கூட்டினால் முப்பத்தாறு.

“அட! பங்கு அப்படியே நிக்குது பாரு! சுத்து மட்டும் பாதியாச்சு. அது எப்படி?”

எப்படி என்று எனக்கு என்ன தெரியும்? கொட்டை குறைந்தால் பங்கும் குறைய வேண்டாமா? அதையும் கேட்டேன்.

“கருப்பட்டி அதே கருப்பட்டிதான்டா. எத்தனை துண்டு போடறோம்கறதுதான் மாறுது.”

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னார்.

“முப்பத்தாறு நாளுங்கம்மா! முப்பத்தாறு நாள்ல ஒரு சுத்து போதும்!”

“பாவாத்தா எத்தனை நாள் காத்திருக்கணும்?”

“ஆறு நாள் போக முப்பது.”

“வெங்காயம் எத்தனை நாள் தாங்கும்?”

நாச்சிமுத்துவின் முகம் விழுந்துவிட்டது.

“பத்து நாள் தாங்கும். அதுக்கு மேல போனா கஷ்டங்க.”

நாங்கள் மறுபடி மரத்தடி.

மறுபடி பாதியாக்கினார். பதினெட்டு. அவருக்கு ஆறு வந்தது, தங்கச்சிக்கு மூணு வந்தது. தம்பிகளுக்கு நாலரை.

“கொட்டையை உடைச்சிரலாமா?” என்றேன்.

“ஒரு நாளை உடைக்க முடியாது சடையப்பா. கரண்ட் பகல்ல ஒரு தடவைதான் வருது. வாய்க்கா நீளம். அரை நாள் தண்ணி காட்டுக்கு வந்து சேராது, வாய்க்கா மண்ணே குடிச்சிரும். உட்டா முழு நாளா உடணும்.”

“அப்ப முப்பத்தாறுதான்.”

“பத்து நாள்தான் தாங்கும்கறேன்!”

எரிச்சலோடு ஒவ்வொரு கொட்டையாக எடுக்க ஆரம்பித்தார். பதினேழு. யாருக்கும் ஒட்டவில்லை. பதினாறு, நாலு நாலாகப் போனது, மூணில் ஒன்று மிஞ்சியது. பதினைந்து, மூணுக்கு வந்தது, நாலுக்கு வரவில்லை. பதினாலு இல்லை. பதின்மூணு இல்லை. ஒருவருக்குப் பொருந்தினால் இன்னொருவருக்கு இடிக்கிறது. இது கணக்கா, கல்யாண ஜாதகமா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

பன்னிரண்டு.

மூணில் ஒன்று நாலு. நாலில் ஒன்று மூணு, இன்னொரு மூணு. ஆறில் ஒன்று இரண்டு.

ஒரு கொட்டை மிஞ்சவில்லை. ஒரு கொட்டை உடையவில்லை.

நாச்சிமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார்.

“முந்நாலு பன்னண்டு! மொதல்லயே வந்துதே! இது மேல மிதிச்சுட்டுத்தானே எழுபத்திரண்டுக்கு ஏறினேன்! பன்னண்டுலயே ஆறு உள்ள உக்காந்திருக்கு. அதைப் போய் மறுபடி ஆறால பெருக்கியிருக்கேன், மடையன்!”

“இதுக்கும் கீழ போகுமாங்கண்ணா?” எனக்கு ஆசை விடவில்லை.

பதினொன்றிலிருந்து ஒன்று வரைக்கும் போய்ப் பார்த்தார். ஆறில் மட்டும் கொஞ்சம் நின்றார். அவருக்கு இரண்டு, தங்கச்சிக்கு ஒன்று, தம்பிகளுக்கு ஒன்றரை.

“போகாது,” என்றார். “இதுக்குக் கீழ போனா யாராவது ஒருத்தன் பங்கு உடைஞ்சிரும்.”

*

இந்தத் தடவை ஓடவில்லை. நடந்துதான் போனார். ஆனால் முகம் கல்யாண வீட்டு முகமாக இருந்தது.

“பன்னண்டு நாளுங்கம்மா. பாவாத்தாளுக்கு ரெண்டு நாள். காத்திருக்கறது பத்தே நாள். வெங்காயம் தாங்கிரும்.”

அம்மா சிரித்தார். அன்றைக்கு அதுதான் முதல் சிரிப்பு.

“எப்பலேர்ந்து?”

“நாளையிலேர்ந்தே மாத்திடறனுங்க. புதுச் சீட்டு, புதுச் சுத்து.”

“நாளைக்கு யார் முறை?”

“மூத்தவன் நானில்லீங்களா? எனக்கு நாலு நாள். அப்புறம் ராக்கியப்பனுக்கு மூணு—”

“சடையப்பண்ணா, பானையில கூழ் இருக்கா?”

“அடியில கொஞ்சம் இருக்குங்க.”

“புதுச் சீட்டுப்படி ஊத்துங்க. மொதல்ல ஆசாரியாருக்கு, நாலு கரண்டி.”

வேலாசாரி இன்னும் சுவரில்தான் சாய்ந்திருந்தார். கரண்டியைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார்.

“அய்யோ, எனக்கு எதுக்கும்மா? இப்பத்தானே இருபத்து நாலு கரண்டி குடிச்சேன்! வயிறு வெடிச்சிரும். பசியா இருக்கறவங்களுக்கு ஊத்தச் சொல்லுங்க!”

நான் கரண்டியும் கையுமாக நின்றேன். ஊற்றுவதா, வேண்டாமா? நாச்சிமுத்துவைப் பார்த்தேன்.

அவர் முகத்தில் இருந்த கல்யாணம் போய்விட்டது.

அவருடைய உதடு அசைந்தது. ஏதோ கழித்துக்கொண்டிருந்தார்.

“நான் இருபத்து நாலு நாள் எடுத்தாச்சு,” என்றார்.

விரல்களை மடக்கினார்.

“அதுக்கு ஈடா அவங்க மூணு பேருக்கும் பதினெட்டு, பதினெட்டு, பன்னண்டு வந்து சேரணும். அது வரைக்கும் நான் கிணத்தைத் தொடக் கூடாது.” நிறுத்தி எண்ணினார். “நாப்பத்தெட்டு நாள்.”

“ஒரு மண்டலம்,” என்றார் அம்மா.

“வாழை போட்டிருக்கேனுங்கம்மா. குலை தள்ளற நேரம். சித்திரையில நாப்பத்தெட்டு நாள் தண்ணியில்லாம வாழை எப்படீங்க நிக்கும்?”

அம்மா கீரைத் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்கு அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

நாச்சிமுத்து எழுந்து இரண்டு செருப்பையும் தேடிப் போட்டுக்கொண்டார்.

“சடையப்பண்ணா, நீங்களும் கூடப் போங்க,” என்றார் அம்மா.

“நான் எதுக்குங்க?”

“சும்மா போய்ட்டு வாங்க.”

*

மறுநாள் காலை, கிணற்று மேட்டில் கூடப்பிறந்தவர்கள் நாலு பேரும் நின்றார்கள். நான் ஓரமாக நின்றேன்.

பாவாத்தாளை அப்போதுதான் பார்த்தேன். ஐம்பதை ஒட்டிய வயது. இடுப்பில் குடம். அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை, கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாச்சிமுத்து மடியிலிருந்து புளியங்கொட்டைகளை எடுத்து மோட்டார் ரூம் படியில் வைத்தார். மூணு, மூணு, இரண்டு.

“எட்டு நாளைக்கு ஒரு சுத்து. ராக்கியப்பனுக்கு மூணு, சென்னியப்பனுக்கு மூணு, அம்மிணிக்கு ரெண்டு. இப்படி ஆறு சுத்து. அதுக்கப்புறம் நாலு பேருக்கும் சேர்த்துப் பன்னண்டு நாள் சுத்து.”

ராக்கியப்பன் கொட்டையை எண்ணினார். சந்தேகப்படுகிற ஆள் போல. மறுபடியும் எண்ணினார்.

“இதுல உன் கொட்டை எங்கேண்ணா?”

“நான் குடிச்சாச்சு.”

“உன் வாழை?”

“பார்த்துக்கலாம்.”

தம்பிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

நாச்சிமுத்து மோட்டார் ரூம் சாவியைத் தங்கையிடம் நீட்டினார்.

“வெங்காயம் காயுது, மொத நாள் உன்னுது அம்மிணி.”

அவள் வாங்கிக்கொண்டாள். குடத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போய் மோட்டாரைப் போட்டாள்.

தண்ணீர் வந்தது. வாய்க்கால் நாச்சிமுத்துவின் வாழைத் தோட்டத்து ஓரமாகத்தான் போகிறது. அவர் காடு கிணற்றுக்குப் பக்கம், அவள் காடு கடைசி. அவர் மம்முட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கூடவே நடந்தார். வாழைப் பக்கம் எங்கெங்கே கசிகிறதோ அங்கெல்லாம் மண்ணை வெட்டிப் போட்டு மிதித்து அடைத்தார். ஒரு இடத்தில் எலி வளை. குனிந்து கையாலேயே அடைத்தார்.

அவருடைய வாழையைப் பார்த்தேன். இருபத்து நாலு நாள் குடித்த வாழை. பச்சைப் பசேல் என்று, எதுவும் தெரியாமல் நின்றது.

உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. வெங்காயப் பாத்தி ஒவ்வொன்றாக நிரம்பியது. பாவாத்தாள் கடைசிப் பாத்தியையும் கட்டிவிட்டு நிமிர்ந்தாள். கரண்ட் போக இன்னும் நேரம் இருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டேயிருந்தது.

அவள் மம்முட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் வழியே மேலே வந்தாள். நேராக அண்ணன் வாழைத் தோட்டத்துக்கு வந்தாள். அவர் காலையிலிருந்து மிதித்து மிதித்து அடைத்த கரையை இரண்டே வெட்டில் உடைத்துவிட்டாள்.

தண்ணீர் வாழைக்குள் திரும்பியது.

“அம்மிணி! என்ன பண்றே?” நாச்சிமுத்து பதறிக்கொண்டு ஓடிவந்தார். “இன்னைக்கு என் முறை இல்லை!”

“தெரியும்.”

இருபத்து நாலு நாளில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

“அடை அதை! நாப்பத்தெட்டு நாள் நான் தொடக் கூடாது. இப்படிப் பண்ணினா கணக்கு கெட்டுப் போயிரும்!”

பாவாத்தாள் மடையை இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டினாள்.

“கணக்கு உங்களுதுங்கண்ணா,” என்றாள். “இன்னைக்குத் தண்ணி என்னுது.”